சேல்ஸுக்கு நாலு ஸ்டார், சர்வீஸ் கவுன்டருக்கு ஒன்றரை

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பிவிடலாம். நான் கார் எடுத்த ஷோரூமில், விற்ற ஆட்களுக்கு ஐந்துக்கு நாலு. சர்வீஸில் ஜாப் கார்டு (வண்டிக்கு என்னென்ன வேலை என்று குறிக்கிற சீட்டு) எழுதுகிற கவுன்டருக்கு ஒன்றரை. அந்தக் கவுன்டருக்குப் பின்னால் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்பேனர் பிடிக்கிற பசங்களுக்கு ஐந்துக்கு ஐந்து. போர்டு ஒன்று, முதலாளி ஒருவர், காபி மெஷின்கூட ஒன்றுதான், ஆனால் உள்ளே நடப்பது மூன்று தனித்தனிக் கடை.

கோவை, அவினாசி ரோடு. கார் கம்பெனியின் பெயரும் டீலரின் பெயரும் இதில் இருக்காது. வேறு கம்பெனி கார் வைத்திருக்கிற நண்பர்களிடம் பேசிப் பார்த்தேன், கதை பெரிதாக மாறவில்லை, அதனால் பெயர் தெரிந்தும் உங்களுக்குப் பெரிய லாபம் இல்லை. வண்டி 1200 சிசிக்குள் வரும் பெட்ரோல் ஹேட்ச்பேக், 2024 ஆயுத பூஜைக்கு எடுத்தது, இப்போது 20 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. அதற்குள் ஃப்ரீ சர்வீஸ்கள் முடிந்து காசு கட்டிச் செய்கிற சர்வீஸும் ஆகிவிட்டது என்பதால் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டேன் என்று தைரியமாகச் சொல்லலாம்.

சேல்ஸுக்கு ஏன் நாலு கொடுத்தேன் என்றால், எங்களுக்கு வண்டி காட்டிய பொண்ணுதான் காரணம். நான் டாப் வேரியண்ட் வேண்டும் என்று போய் நின்றேன். சன்ரூஃப் பார்த்துவிட்டு வீட்டில் பிள்ளைகள் வேறு விடவில்லை. அந்தப் பொண்ணு கால்குலேட்டரை எடுத்து, "சார், இது 10 லட்சத்தைத் தாண்டுதுங்க, தாண்டினா ரோடு டாக்ஸே மாறிடும், பாத்துக்கோங்க" என்று சொன்னது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வரியை ஏற்றினார்களே, அதன்படி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.90 லட்சம் ரூபாய் வண்டிக்கு வரி சுமார் 1.29 லட்சம், 10.10 லட்சம் வண்டிக்குச் சுமார் 1.82 லட்சம். அதாவது 20 ஆயிரம் ரூபாய் ஃபீச்சருக்கு ஆசைப்பட்டால் வரியில் மட்டும் 50 ஆயிரத்துக்கு மேல் கூடுதலாகப் போகும். இதுபோக 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்கிறவரே நம்மிடம் வாங்கி அரசுக்குக் கட்டுகிற வரி) என்று பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்கில் திரும்பி வந்துவிடும், ஆனால் அன்றைக்குக் கையிலிருந்துதானே போகிறது. இன்சென்டிவ் குறையும் என்று தெரிந்தே ஒரு சேல்ஸ் ஆள் இதைச் சொல்வது சாதாரண விஷயம் இல்லை. சன்ரூஃப் இல்லாத வண்டியையே எடுத்தோம், கோவை வெயிலுக்கு அது போதும்.

டெஸ்ட் டிரைவும் நன்றாகவே கொடுத்தார்கள். வழக்கமாக மெயின் ரோட்டில் நேராகப் போய் யு டர்ன் அடித்துக் கூட்டி வந்துவிடுவார்கள். நான் கேட்டதும் கொடிசியா பக்கம் ஸ்பீடு பிரேக்கர் இருக்கிற உள் ரோட்டுக்கெல்லாம் விட்டார்கள், பின் சீட்டில் அம்மாவை உட்கார வைத்து ஏசி அங்கே வருகிறதா என்றும் பார்த்தோம்.

அப்புறம் கொட்டேஷன் பேப்பர் வந்தது. கல்யாண மண்டபம் புக் பண்ணப் போனவர்களுக்கு இந்தப் பேப்பர் புரியும்: மண்டப வாடகை என்னவோ கம்மிதான், ஜெனரேட்டர், பாத்திரம், க்ளீனிங், கேஸ் என்று கீழே கீழே வரி வரியாகப் போய்க் கடைசியில் டோட்டலைப் பார்த்தால் தலை சுற்றும். இங்கேயும் ஷோரூம் விலைக்குக் கீழே ரோடு டாக்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், ஃபாஸ்டேக் என்று நியாயமானவை ஒரு பக்கம். அவற்றுக்கு நடுவில் நைசாக 'பேசிக் கிட்' என்று ஒரு 14 ஆயிரம் ரூபாய் (மேட், மட் ஃப்ளாப், ஒரு சாவிக் கவர், ஒரு பெர்ஃப்யூம்), 'லாஜிஸ்டிக்ஸ் சார்ஜ்' என்று ஒரு 8,500. யார்டிலிருந்து ஷோரூமுக்கு வண்டியைக் கொண்டு வருகிற செலவாம். விற்கிற பொருளைக் கடைக்குக் கொண்டு வருவதற்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்டால் "எல்லா ஷோரூம்லயும் உண்டுங்க சார்" என்றுதான் பதில் வரும். நான் சண்டையெல்லாம் போடவில்லை. இந்தக் கட்டணத்தை லெட்டர்ஹெட்டில் தனியாக ரசீது போட்டுக் கொடுங்கள், நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-இல் கேட்டுவிட்டுக் கட்டுகிறேன் என்றேன். மேனேஜர் உள்ளே போய்விட்டு வந்தார், அடுத்த பிரிண்ட்அவுட்டில் அந்த லாஜிஸ்டிக்ஸ் சார்ஜே இல்லை. கிட்டும் பாதியாகியிருந்தது. கேட்காமல் கட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால்தான் கடுப்பாகிறது.

பெரிய தொகை ஒளிந்திருக்கிற இடம் இன்சூரன்ஸ். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் (நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஆகிற சேதத்துக்கு) கட்டாயம். அதன் பிரீமியம் எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒன்றுதான், நான் எடுத்தபோது 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை 10,640 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. ஆகவே அதில் யாரும் ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. வித்தியாசமெல்லாம் நம்ம வண்டிக்கு அடிபட்டால் கொடுக்கிற ஓன் டேமேஜ் பகுதியிலும் அதோடு சேர்க்கிற ஆட் ஆன்களிலும்தான். ஷோரூம் கொடுத்த கொட்டேஷன் 46 ஆயிரம். அதே ஐடிவி (பாலிசியில் வண்டிக்குப் போடுகிற மதிப்பு), அதே ஜீரோ டெப் (கிளெய்மில் பார்ட்டுக்குத் தேய்மானம் கழிக்காமல் இருக்க), அதே இன்ஜின் புரொடெக்ட் போட்டு ஆன்லைனில் பார்த்தால் 31 ஆயிரத்துச் சொச்சம். "வெளிய எடுத்தா இங்க கேஷ்லெஸ் கிடைக்காது சார், டிஸ்கவுண்டும் போயிரும்" என்று பயமுறுத்தினார்கள். கேஷ்லெஸ், அதாவது ரிப்பேர் பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டுவது, கிடைக்குமா இல்லையா என்பது அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் இந்த வொர்க்‌ஷாப்புக்கும் டை அப் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பாலிசியை எங்கே வாங்கினோம் என்பதை வைத்து இல்லை. கம்பெனி வெப்சைட்டில் நெட்வொர்க் கராஜ் பட்டியலைத் திறந்தேன், இதே வொர்க்‌ஷாப்பின் பெயர் அதில் இருந்தது, போனை அப்படியே மேஜை மேல் திருப்பி வைத்தேன். எங்கே எடுப்பது என்பது வாங்குகிறவரின் உரிமை, டீலர் கட்டாயப்படுத்த முடியாது. கடைசியில் ஷோரூமே 33 ஆயிரத்துக்கு இறங்கி வந்தது, அவர்களிடமே எடுத்தேன். இரண்டாயிரம் ரூபாய்க்காக டெலிவரி அன்று இழுத்தடிப்பார்கள் என்று தோன்றியதுதான் காரணம், தவிர முதல் வருஷம் ஏதாவது கிளெய்ம் வந்தால் அலைச்சல் குறையும்.

இன்ஜின் புரொடெக்டை மட்டும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மழை பெய்தால் லங்கா கார்னர் பாலத்துக்குக் கீழேயும் கிக்கானி ஸ்கூல் பாலத்துக்குக் கீழேயும் தண்ணீர் நிற்பதைப் பார்த்த கோவைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தண்ணீருக்குள் நின்றுபோன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணி இன்ஜினுக்குள் தண்ணீர் இழுத்துவிட்டால், சாதாரண பாலிசியில் அந்தச் செலவை ஏற்க மாட்டார்கள்.

வண்டியை ரிஜிஸ்டர் பண்ணுவதற்கு முன்னால் யார்டில் போய்ப் பார்த்தேன். இதற்கு முகம் சுளித்தார்கள், ஆனால் விட்டார்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2824 என்றால் 2024-ஆம் வருடம் 28-ஆவது வாரத்தில் செய்த டயர். நாலு டயரிலும் ஸ்டெப்னியிலும் இந்த எண் ஒட்டி ஒட்டி இருந்தால் நிம்மதி, ஒன்று மட்டும் வேறாக இருந்தால் கேள்வி கேட்கலாம். சேஸிஸ் நம்பரை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன், இன்வாய்ஸில் அதே நம்பர்தான் வருகிறதா என்று பார்க்க. தயாரித்த மாதமும் வருடமும் ஃபார்ம் 21-இல் இருக்கும். கதவு ரப்பரில் பெயிண்ட் தெறித்திருந்தால், அல்லது ஒரு கதவின் போல்ட்டில் மட்டும் ஸ்பேனர் தடம் இருந்தால், ரீபெயிண்ட் ஆன வண்டி என்று சந்தேகப்படலாம். எனக்கு அப்படி எதுவும் இல்லை. நல்ல வெளிச்சத்தில் போங்கள், சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள்.

டெலிவரி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சிவப்புத் துணி, கேக், பெரிய அட்டைச் சாவி, இன்ஸ்டாவுக்கு வீடியோ, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். ஆயுத பூஜை என்பதால் வரிசையில் பதினைந்து இருபது வண்டிகள் மாலையோடு நின்றன, ராகு காலத்துக்கு முன்னால் எல்லோருக்கும் சாவி வேண்டும், அந்த நெரிசலில் யாரும் எந்த ஃபீச்சரையும் விளக்கவில்லை. நேராக ஈச்சனாரி கோயிலுக்குப் போய்ப் பூஜை போட்டுவிட்டு, அங்கேயே நிழலில் நின்று புத்தகத்தைப் பார்த்துப் புளூடூத்தை நானே செட் பண்ணிக்கொண்டேன். ஐந்து ஸ்டாரில் குறைந்த ஒன்று அந்த லாஜிஸ்டிக்ஸ் 8,500-க்கும் இதற்கும் சேர்த்துத்தான். நாள் பார்க்காதவர்களாக இருந்தால் ஆடியில் போய்ப் பேசுங்கள், ஷோரூம் காலியாக இருக்கும், உட்கார வைத்துப் பேசுவார்கள், விலையும் இறங்கும். ஆடியில் புக் பண்ணி ஆவணியில் டெலிவரி எடுத்தால் வீட்டுப் பெரியவர்களும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

என் மச்சான் போன வருஷம் இதே ஷோரூமில் இதே மாடல் எடுத்தார். 2025 ஆகஸ்ட் 15 அன்று ஜிஎஸ்டி குறையும் என்று பிரதமர் சொன்னதும் ஊரே காத்திருந்தது, செப்டம்பர் 3 அன்று கவுன்சில் முடிவு பண்ணி, 22-ஆம் தேதியிலிருந்து சின்னக் கார்களுக்கு செஸ் என்கிற கூடுதல் வரியோடு 29 ஆக இருந்த ஜிஎஸ்டி 18 சதவீதமானது. மச்சான் புக் பண்ணி வைத்திருந்த வண்டிக்கு அதற்கு முந்தைய வாரமே இன்வாய்ஸ் போட்டுவிடலாம் என்று தினமும் போன், "22-க்கு அப்புறம் வந்தீங்கன்னா வெயிட்டிங் ரொம்ப நாள் ஆயிடுமுங்க" என்று. பழைய வரி கட்டி எடுத்து வைத்த ஸ்டாக்கைத் தள்ள வேண்டிய அவசரம் அவர்களுக்கு. அது எனக்குப் புரிகிறது, செஸ் கட்டிய பணம் டீலர்களுக்கு மாட்டிக்கொண்டது நிஜம்தான். ஆனால் அந்த அவசரத்துக்கு மச்சான் ஏன் 70 ஆயிரத்துக்கு மேல் கொடுக்க வேண்டும்? அவர் போனை எடுக்காமல் இருந்துவிட்டு நவராத்திரியில் போனார், வண்டி இருந்தது.

இப்போது சர்வீஸ். இங்கேதான் எனக்குக் கோபம்.

புதுக் கார் விற்பதில் டீலருக்கு மார்ஜின் பெரிதாக இல்லை, சம்பாதிப்பது வொர்க்‌ஷாப்பிலும் இன்சூரன்ஸிலும் ஆக்சசரீஸிலும்தான். அதனால் சட்டையை இன் பண்ணி டேப்லெட்டோடு நம்மை வரவேற்கிற சர்வீஸ் அட்வைசர் என்பவர் டெக்னீஷியன் இல்லை, அவரும் சேல்ஸ்மேன்தான். இது தெரிந்துவிட்டால் அவர் பேசுவதெல்லாம் புரிய ஆரம்பிக்கும். முதல் ஃப்ரீ சர்வீஸ், 1000 கிலோமீட்டர், வண்டிக்கு வயது ஒரு மாதம்கூட ஆகவில்லை, அப்போதே அண்டர்பாடி கோட்டிங், செராமிக் கோட்டிங், மொத்தம் 24 ஆயிரத்துக்கு ஒரு பேக்கேஜ். ஃபேக்டரியிலிருந்து வரும்போதே அடியில் துருப்பிடிக்காமல் இருக்கக் கோட்டிங் அடித்துத்தான் வருகிறது. ஈசிஆர் ஓரம் உப்புக் காற்றில் வண்டி நிறுத்துகிறவர் யோசிக்கலாம், பீளமேட்டில் நிறுத்துகிற எனக்கு எதற்கு? ஃப்ரீ சர்வீஸ் என்பதில் கூலி மட்டும்தான் ஃப்ரீ என்பதையும் நினைவில் வையுங்கள், ஆயில், ஃபில்டர் எல்லாம் நம் கணக்கு.

20 ஆயிரம் கிலோமீட்டர் சர்வீஸுக்குப் போனபோது எஸ்டிமேட் 14,800 வந்தது. ஆயில், ஃபில்டர் போக அதில் இருந்தவை: இன்ஜெக்டர் க்ளீனிங், த்ராட்டில் பாடி க்ளீனிங், ஏசி டிஸின்ஃபெக்டன்ட், இன்ஜின் டிரெஸ்ஸிங், ஃப்யூயல் அடிடிவ், பிரேக் க்ளீனிங், வைப்பர் பிளேடு, அலைன்மென்ட், பேலன்ஸிங். பெட்ரோல் நல்ல பங்கில்தான் போடுகிறேன், மைலேஜ் குறையவில்லை, பிக்கப் குறையவில்லை, இன்ஜெக்டருக்கு என்ன வந்தது? காரோடு கொடுத்த புத்தகத்தில் மெயின்டனன்ஸ் அட்டவணை இருக்கிறது, எந்தக் கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும், எதைப் பார்த்தால் போதும் என்று கம்பெனியே அச்சடித்துக் கொடுத்தது. அதைத் திறந்து வைத்து, இதில் இருக்கிறதை மட்டும் போடுங்கள், இல்லாததைப் போட வேண்டுமானால் ஏன் என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அட்வைசர் முகம் மாறியது. "ரெகமண்ட் பண்றதுதான் சார் எங்க கடமை" என்றார். ஆயில், ஆயில் ஃபில்டர், கேபின் ஃபில்டர் (ஏசிக் காற்றை வடிகட்டுகிறது), அலைன்மென்ட், பேலன்ஸிங், கூலி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்துக் கடைசி பில் 6,300 சொச்சம். மீதி எட்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் வேலை புத்தகத்தில் எங்கும் இல்லாத வேலை.

பில் கட்டும் முன்னால் மாற்றிய பழைய பார்ட்களைக் காட்டச் சொல்லுங்கள். ஆயில் ஃபில்டரைக் கொண்டு வந்தார்கள், கேபின் ஃபில்டரைக் காணோம். டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் பழைய ஃபில்டரே உள்ளே இருக்கிறது, வேப்ப மரத்தடியில் நிறுத்துகிற வண்டி, காய்ந்த இலையும் பூவுமாக. பில்லில் புது ஃபில்டருக்குக் காசு. "மிஸ் ஆயிடுச்சு சார்" என்றார் அட்வைசர், ஓடிப் போய்ப் புதியதைக் கொண்டு வந்து மாட்டினார்கள். வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அன்று சனிக்கிழமை, வெளியே வரிசை ரோடு வரை நின்றது. ஆனால் நான் பெட்டியைத் திறக்காமல் போயிருந்தால் அது மிஸ்ஸாகவே இருந்திருக்கும்.

அந்தச் சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்னச் சின்னப் பள்ளத்தில் மெதுவாக இறங்கும்போது முன்பக்கத்திலிருந்து கட கட என்று ஒரு சத்தம். பெரிய ஸ்பீடு பிரேக்கரில் வராது, 20, 30 வேகத்தில் மோசமான ரோட்டில் மட்டும் வரும். ஒவ்வொரு சர்வீஸிலும் சொல்கிறேன், ஒவ்வொரு தடவையும் ஜாப் கார்டில் எழுதுகிறார்கள், சாயங்காலம் 'செக்டு, ஓகே' என்று வருகிறது. அட்வைசர் ஒரு படி மேலே போய், "இந்த செக்மென்ட்ல இது நார்மல் சார்" என்றார். நான் அங்கேயே நின்று, வேலை செய்கிற மெக்கானிக்கை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள், சத்தத்தைக் காட்டுகிறேன் என்றேன். இன்சூரன்ஸ் காரணமாக வெளி ஆட்கள் வொர்க்‌ஷாப் உள்ளே போகக் கூடாது என்றார். சரி, நான் உள்ளே வரவில்லை, அவர் வெளியே வரட்டும்.

வந்தது ஒரு சின்னப் பையன், பொள்ளாச்சிப் பக்கம். கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். "சத்தம் எந்தப் பக்கம்ங்ணா வருது?" என்று கேட்டுவிட்டு நான் பதில் சொல்வதற்குள் ஏசியையும் பாட்டையும் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, பின்னால் இருக்கிற உடைந்த ரோட்டுக்கு விட்டான். நூறு அடி போயிருக்க மாட்டோம், "லிங்க் ராடுங்ணா, லெஃப்ட்" என்றான். திரும்பி வந்து லிஃப்டில் ஏற்றி, வெளியே நிற்கிற எனக்குத் தெரிகிற மாதிரி அந்த லிங்க் ராடை, அதாவது சஸ்பென்ஷனில் இருக்கிற ஸ்டெபிலைசர் லிங்கை, கையால் பிடித்து ஆட்டிக் காட்டினான், அதன் பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருந்தது, ரப்பர் பூட் கிழிந்து மண் போயிருந்தது. பார்ட் வாரண்டியில் வந்தது, காசு இல்லை, அன்றைக்கே மாட்டிவிட்டான். அதிலிருந்து சத்தம் இல்லை. "முன்னாடி ஏன்ப்பா கண்டுபிடிக்கல?" என்று கேட்டேன். "எங்க கைக்கு வர்ற கார்டுல ஜெனரல் செக்கப்னுதான்ங்ணா இருக்கும், ஓட்டிப் பாக்க டைம் தர மாட்டாங்க" என்றான். ஒரு நாளைக்கு ஒவ்வொருவரும் எத்தனை வண்டி முடிக்க வேண்டும் என்று உள்ளே போர்டில் எழுதிப் போட்டிருப்பது அங்கிருந்தே தெரிந்தது.

வெளி மெக்கானிக்கிடம் விடலாமே என்பீர்கள். வாரண்டி முடிகிற வரை எனக்கு அந்த தைரியம் இல்லை, முடிந்ததும் போகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் அவர்களுக்குப் பார்ட் கிடைப்பதே பல வருஷமாகப் பிரச்சினை. உதிரி பாகங்களையும் ரிப்பேர் விவரங்களையும் வெளி கராஜ்களுக்குச் சரியாகத் தராமல் இருந்ததற்காக 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது, அப்புறம் அது கோர்ட், மேல்முறையீடு என்று இழுத்தது. நம்ம டவுன்ஹால் பக்கத்து ஸ்பேர்ஸ் கடைக்காரரிடம் கேட்டால் அவர் வேறு மாதிரிச் சொல்வார், அது தனிக் கதை.

கடைசியாக அந்த ஃபீட்பேக் கால். பில் கட்டுகிற இடத்திலேயே சொல்லி அனுப்புகிறார்கள், "கம்பெனியில இருந்து போன் வரும் சார், பத்துக்குப் பத்து சொல்லிருங்க, 9 சொன்னாக்கூட எங்களுக்கு ஜீரோதான்." நான் 6 சொன்னேன், காரணத்தையும் சொன்னேன், மெக்கானிக்குக்குத் தனியாக மார்க் போட வழி இருக்கிறதா என்றும் கேட்டேன், இல்லையாம். போனை வைத்துக் கொஞ்ச நேரத்தில் அட்வைசர் லைனில், "ஏன் சார் 6 போட்டீங்க?" நான் கம்பெனியிடம் சொன்னது அவர் கைக்கு அதற்குள் எப்படிப் போனது? அப்படியிருந்தால் யார் உண்மையைச் சொல்வார்கள்? பத்து, பத்து, பத்து என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். நீங்கள் ஷோரூம் சுவரில் பார்க்கிற 'நம்பர் 1 இன் கஸ்டமர் சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' கேடயத்துக்கெல்லாம் நான் பெரிதாக மதிப்புக் கொடுப்பதில்லை.

ஆக, இங்கே வாங்கலாமா என்றால் வாங்கலாம், அந்தப் பொண்ணு இன்னும் அங்கேதான் இருக்கிறது. சர்வீஸுக்கு சனி, ஞாயிறு போகாதீர்கள், செவ்வாய் புதனில் காலை எட்டரைக்குப் போனால் கூட்டம் இருக்காது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடும் முன்னால் வண்டியைப் பார்க்கப் போகிற மெக்கானிக்கிடம் இரண்டு நிமிஷம் பேச வேண்டும் என்று கேளுங்கள். முடியாது என்பார்கள். நின்றால் அனுப்புவார்கள். என் 30 ஆயிரம் கிலோமீட்டர் சர்வீஸும் அங்கேதான், அந்தப் பொள்ளாச்சிப் பையன் எந்த ஷிஃப்டில் இருக்கிறான் என்று கேட்டுவிட்டுத்தான் புக் பண்ணுவேன்.